பற்றிய வரிசையும் விடுக்கும் வரிசையும்

(திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியன் ஒருவன் கணிப்பொறியின் உள்ளுறுப்பைப் பற்றிப் பேச எழுந்தது ஏன் என்று உங்களுட் சிலர் புருவம் நெரிப்பது எனக்குத் தெரிகின்றது. எது முன், எது பின், எதனை எது சார்ந்து நிற்கின்றது என்று ஆய்வது இலக்கணம் கற்றவனுக்குப் புதிய வேலையன்று. அதே ஆய்வைப் பொறியின் உள்ளே செய்யத் தவறினால் என்ன கேடு விளையும் என்பதே இன்று நான் சொல்லப் புகுவது. என்னிடம் பயின்று இன்று பெங்களூரில் நிரல் எழுதும் இளைஞர் இருவர் ஊருக்கு வரும்போதெல்லாம் தங்கள் பணியைப் பற்றிச் சொல்வர். அவர்கள் சொல்லக் கேட்டும், இலினக்சின் மூலநிரல் எவரும் படித்தற்குரியதாய்த் திறந்து கிடப்பதால் நானே படித்துப் பார்த்தும், ஓராண்டுக் காலமாக உள்ளத்தில் ஊறிய செய்தி இது.

முதலில் அடிப்படை. கணிப்பொறியோடு எத்தனையோ கருவிகள் இணைகின்றன. விசைப்பலகை, அச்சுப்பொறி, படப்பிடிப்புக் கருவி என ஒவ்வொன்றும் ஒவ்வோர் இயல்பினது. இவற்றின் இயல்பையெல்லாம் இயங்குதளத்தின் நடுப்பகுதி, அஃதாவது கெர்னல் எனப்பெறும் உட்கரு, தானே அறிந்திருத்தல் இயலாது. ஆதலின் இடையே நின்று ஒவ்வொரு கருவியையும் அதனதன் போக்கறிந்து நடத்தும் சிறு நிரல் வேண்டும். அதனை ஆங்கிலத்தில் 'டிரைவர்' என்பர். நாம் இயக்கி என்கின்றோம். தென்பாண்டி ஊர்ப்புறங்களில் இயக்கி என்பது காவல் தெய்வம் ஒன்றின் பெயருமாகும். முறை தவறினால் ஊரையே அலைக்கழிக்கும் என்று மக்கள் அஞ்சும் தெய்வம் அது. பெயர் ஒன்றியது தற்செயலே ஆயினும், பொருத்தம் நன்றாகவே வாய்த்திருக்கின்றது.

1991-இல் இலினசு தோர்வால்ட்சு என்னும் பின்லாந்து நாட்டு மாணாக்கர் தொடங்கியது இலினக்சு. இன்று ஆண்டிராய்டு கைப்பேசி முதல் மாபெருங் கணிப்பொறி ஈறாக அவ்வுட்கரு இயங்குகின்றது. அதன் இயக்கிகளில் இரண்டு செயற்கூறுகள் தலையாயவை. கருவி வந்து இணையும்போது இயங்குவதொன்று, நீங்கும்போது இயங்குவதொன்று. மூலத்தில் 'புரோப்' என்றும் 'ரிமூவ்' என்றும் எழுதப்பெறும் இவற்றைப் பற்றுகூறு, நீக்குகூறு என்று இவ்வுரையளவில் வழங்குவேன்.

பற்றுகூறு என்ன செய்கின்றது? உட்கருவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெறுகின்றது. தன் குறிப்புகளை எழுதிவைக்க நினைவகத்தில் ஓர் இடம் வேண்டும். கருவியின் பதிவகங்களைப் படிக்கவும் அவற்றில் எழுதவும் அவற்றிற்கு ஒரு முகவரி வேண்டும். அப்பதிவகங்கள் உயிரோடிருக்கக் கடிகைத் துடிப்பு வேண்டும். கருவியிடத்து ஏதேனும் நிகழ்ந்தால் "என்னைப் பார்" என்று செயலியின் தோளைத் தட்டும் குறுக்கீட்டுக் கம்பி வேண்டும். இவையெல்லாம் அமைந்த பின்னரே, "நான் வந்துவிட்டேன், பயன்படுத்துவோர் வரலாம்" என்று வெளியே அறிவிக்கலாம். இவ்வரிசை எழுதுவோன் விருப்பிற்கு உட்பட்டதன்று. குறுக்கீடு வந்தவுடன் ஓடும் செயற்கூறு பதிவகத்தைப் படிக்கும். பதிவகம் துடிப்பின்றிப் பேசாது. படித்ததை எழுதிவைக்க நினைவகம் வேண்டும். பின்னது ஒவ்வொன்றும் முன்னதன் தோள்மேல் நிற்கின்றது.

ஆதலின் விடுக்கும்போது தலைகீழாகவே விடுத்தல் வேண்டும். கொத்தன் சாரம் கட்டுவது கீழிருந்து மேலே. அவிழ்ப்பது மேலிருந்து கீழே. சிறு பிள்ளையும் அறிந்த இதில் என்ன அருமை என்று கேட்பீர்கள். அருமை, பாதி வழியில் நின்றுபோகும்போதுதான் தெரியும். நான்காம் படியில் குறுக்கீட்டுக் கம்பி கிடைக்கவில்லை என்று கொள்ளுங்கள். அப்போது மூன்றாவதையும் இரண்டாவதையும் முதலாவதையும் அவ்வரிசையிலேயே விடுத்தல் வேண்டும்; பெறாத ஐந்தாவதைத் தொடவே கூடாது. இரண்டாம் படியில் தடைப்பட்டால் முதலாவதை மட்டும் விடுத்தல் வேண்டும். எத்தனை படிகளோ அத்தனை வெளியேறும் வழிகள். ஒவ்வொன்றிற்கும் ஒவ்வொரு துப்புரவு.

இதற்கு இலினக்சு நிரலர் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் முறை, செயற்கூற்றின் அடியில் விடுப்புகளைத் தலைகீழ் வரிசையில் அடுக்கி, தடைப்பட்ட இடத்திற்கேற்ப அவற்றுள் உரிய படிக்குத் தாவுவது. 'கோட்டூ' என்னும் தாவல் கட்டளை அதற்குப் பயன்படும். 1968-இல் எட்சர் தைக்சுத்திரா என்னும் ஒல்லாந்து அறிஞர் அக்கட்டளை கேடுடையது என்று எழுதிய மடல் கணிப்பொறியுலகில் பெயர் பெற்றது. பள்ளிகளில் இன்றும் அதனைத் தீண்டாதே என்றே கற்பிக்கின்றனர். ஆயினும் உட்கருவின் எழுத்துநெறி நூல் இந்த ஓரிடத்திற்கு அதனை ஒப்புகின்றது. பொதுநெறிக்குப் புறனடை உண்டு என்பதைத் தமிழிலக்கணம் படித்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

சரிவு எங்கே நேர்ந்தது என்றால், இவ்வழிகளில் எவரும் நடப்பதே இல்லை என்பதில். கருவி இணையும்போது தடை நேர்வது அரிது. அரிதாக நடக்கும் வழியை எவரும் ஆய்ந்து பார்ப்பதில்லை. ஆண்டுகள் சில கழித்து வேறொருவர் வந்து இடையே புதுப்படி ஒன்றைச் செருகுவார். மேலே செருகியவர் கீழே அதற்குரிய விடுப்பைச் செருக மறப்பார், அல்லது ஓரிடம் தள்ளிச் செருகுவார். பொறி நாள்தோறும் நன்றாகவே இயங்கும். பிழை மட்டும் உள்ளே உறங்கும்.

இந்நிலைக்கு ஒரு மாற்றுக் கண்டவர் தேசுன் ஃகியோ. வன்தட்டுகளை நடத்தும் 'இலிப்-ஆட்டா' என்னும் பகுதியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார் அவர். பழைய வகை வன்தட்டுக் கட்டுப்பாட்டி ஒன்றிற்கே முகவரிப் பகுதிகள் 5 தேவைப்படும். ஐந்தையும் நினைவில் வைத்து ஐந்தையும் விடுத்தல் வேண்டும். ஒவ்வோர் இயக்கியும் அதனைத் தனித்தனியே செய்தல் வேண்டும். பல இயக்கிகள் செய்யவில்லை. இம்மாற்றைப் பற்றிய ஆவணத்திலேயே, கீழ்மட்ட இயக்கி எழுதுவோர் சோம்பேறிகள் என்று நகைச்சுவையாகக் குறிக்கப்பெற்றுள்ளது. பிறகு அதற்கொரு கரணியமும் இரக்கத்தோடு கூறப்பெறுகின்றது. ஆவணம் இல்லாத, அல்லது அறிவற்ற ஆவணத்தோடு வந்த கருவியோடு ஒருநாள் முழுதும் மல்லாடி, ஒருவாறு இயங்க வைத்துவிட்டால், அதற்குமேல் ஆய்வதற்கு யாருக்கு உளம் வரும்? எனக்கு அந்தப் பகுதி மிகவும் பிடித்தது. பிழையைத் திருத்தப் புகுந்தவர் பிழை செய்தவனின் களைப்பையும் அறிந்திருக்கின்றார்.

அவர் கண்ட முறை 'டெவ்ரெசு' எனப்பெறும். 2007 ஏப்பிரலில் வெளிவந்த 2.6.21 பதிப்பில் அது இடம்பெற்றது. அதன் அமைப்பு எளிது. இயக்கி ஒரு வளத்தைப் பெறும்போதே, அதனை விடுக்கும் வழியும் அக்கருவியின் பெயரால் ஒரு பட்டியலில் எழுதப்படும். இணைப்புத் தடைப்பட்டாலும், கருவி நீங்கினாலும், உட்கருவே அப்பட்டியலைக் கடைசியிலிருந்து முதல்வரை படித்து ஒவ்வொன்றாக விடுக்கும். பெயரின் முன்னே 'டெவ்எம்' என்னும் அடையோடு வரும் செயற்கூறுகள் இவ்வகையின. நினைவகம் பெறவும், முகவரி பெறவும், குறுக்கீட்டுக் கம்பி பெறவும் இத்தகைய செயற்கூறுகள் வந்தன. தாவல்கள் மறைந்தன. பல இயக்கிகளில் நீக்குகூறே இல்லாமற் போயிற்று. மறதியால் வந்த நோய்க்கு இது நல்ல மருந்து, அதில் ஐயமில்லை.

ஆனால் மருந்து வந்தபின் மக்கள் பத்தியத்தை மறந்தனர். இங்கேதான் நான் உங்கள் கவனத்தை வேண்டுகின்றேன்.

கருவி நீங்கும்போது முதலில் ஓடுவது இயக்கியின் சொந்தக் கையால் எழுதிய நீக்குகூறு. அது முடிந்த பின்னரே உட்கரு பட்டியலைக் கையிலெடுக்கும். இப்போது ஓர் இயக்கியைக் காண்போம். அது நினைவகத்தைப் பட்டியல் முறையிற் பெற்றது. முகவரியையும் அவ்வாறே பெற்றது. கடிகைத் துடிப்பைப் பழைய முறையில் தன் கையாலேயே முடுக்கிற்று. பின்னர்க் குறுக்கீட்டுக் கம்பியைப் பட்டியல் முறையிற் பெற்றது. பெற்ற வரிசையில் குற்றமில்லை. நீக்குகூற்றில் அவ்வியக்கி எழுதியவர் என்ன எழுதுவார்? "மற்றவற்றை உட்கரு பார்த்துக்கொள்ளும்; என் கையால் முடுக்கியது துடிப்பு ஒன்றே" என்று அதனை மட்டும் நிறுத்துவார். பார்ப்பதற்குச் செவ்வையாகவே இருக்கும். நடப்பதோ வேறு. துடிப்பு நின்றுவிட்டது, குறுக்கீட்டுக் கம்பி இன்னும் கட்டப்பட்டே இருக்கின்றது. அந்த இடைவெளியில் கம்பி ஒருமுறை தட்டினால், செயற்கூறு ஓடிச்சென்று உயிரற்ற பதிவகத்தைப் படிக்க முனையும். கைப்பேசியில் உள்ளவை போன்ற சில்லுகள் பலவற்றில், துடிப்பில்லாத பதிவகத்தைத் தொட்டால் விடையே வாராது; பொறி அப்படியே உறைந்து நிற்கும். அக்கம்பியை வேறொரு கருவியும் பகிர்ந்துகொண்டிருந்தால், நம் கருவி அமைதியாய்க் கிடப்பினும் மற்றதன் தட்டலுக்கு நம் செயற்கூறும் எழும்.

இது எப்போதோ ஒருமுறைதான் நேரும். அதனாலேயே கொடியது. எழுதியவர் மேசையில் நேராது. வாங்கியவர் வீட்டில் நேரும். இத்தகைய உறங்கும் பிழையை எழுப்புதற்கென்றே உட்கருவில் ஆய்வு ஏற்பாடு ஒன்று உண்டு. அதனை முடுக்கி வைத்தால், பகிர்ந்துகொண்ட கம்பியை இயக்கி விடுக்கும் தறுவாயில், உட்கரு வேண்டுமென்றே அச்செயற்கூற்றை ஒருமுறை கூடுதலாக அழைத்துப் பார்க்கும். ஆயத்தமாய் இல்லாத இயக்கி அங்கேயே பிடிபடும். தேர்வு நாளுக்கு முன்னரே திடீரென வினாக் கேட்கும் ஆசிரியரைப் போன்ற ஏற்பாடு.

தீர்வு என்ன? இரண்டு முறையும் கலத்தல் குற்றமன்று. கலக்கும் இடம்தான் குற்றம். நீக்குகூறு முந்தி ஓடுதலின், கையால் விடுக்க வேண்டியவை எல்லாம் கடைசியிற் பெற்றவையாய் இருத்தல் வேண்டும். பட்டியலிற் சேர்ந்தவை அடியில், கையால் ஆள்பவை மேலே. இடையில் ஒன்றைக் கையால் பெறத்தான் வேண்டுமென்றால், அதனை விடுக்கும் செயலையும் பட்டியலிற் செருகுதற்குத் தனிச் செயற்கூறு உண்டு. அல்லது குறுக்கீட்டுக் கம்பியை நீக்குகூற்றில் முதலிற் கையாலேயே விடுத்துவிடலாம். கம்பியை விடுக்கும் செயற்கூறு, அப்போது ஓடிக்கொண்டிருக்கும் குறுக்கீட்டுப் பணி முடியும்வரை காத்திருந்தே திரும்பும். ஆதலின் அதன்பின் துடிப்பை நிறுத்துதல் அச்சமற்றது. சி மொழிக்கு மாற்றாக 2022 திசம்பரில் வந்த 6.1 பதிப்பில் இரசுட்டு மொழிக்கும் உட்கருவில் இடம் கிடைத்தது. அம்மொழி தானே விடுக்கும் இயல்பினது. ஆயினும் அதிலும், ஒரு செயற்கூற்றினுள் அறிவித்தவை தலைகீழாகவும், ஒரு கட்டமைப்பின் உறுப்புகள் எழுதிய வரிசையிலேயும் விடுக்கப்படும். மொழி மாறினாலும் வரிசையை அறியாமல் எழுத முடியாது.

இதுவரை சொன்னது ஏணி போன்ற சார்பு. சார்பு வட்டமாய் அமைந்துவிட்டால்? குறித்த நேரத்தில் எழுப்பும் டைமர் ஒன்று, பணிவரிசையில் ஒரு பணியை ஏவுகின்றது. அப்பணி ஓடி முடியும்போது மீண்டும் டைமரை முடுக்குகின்றது. இவ்விரண்டில் எதனை முதலில் நிறுத்துவீர்கள்? டைமரை நிறுத்திவிட்டுப் பணியின்பாற் சென்றால், பணி அதற்குள் டைமரை மீண்டும் எழுப்பிவிடும். பணியை நிறுத்திவிட்டு டைமரின்பாற் சென்றால், டைமர் பணியை ஏவிவிடும். தலைகீழ் வரிசை என்னும் நெறி இங்கே கைகொடாது; வட்டத்திற்குத் தலையும் இல்லை, கீழும் இல்லை. நிரலர் பலர் டைமரை நிறுத்தி, பணியை நிறுத்தி, மீண்டும் டைமரை நிறுத்தி என்று எழுதிப் பார்த்தனர். 2023 பிப்பிரவரியில் வெளிவந்த 6.2 பதிப்பில்தான் இதற்கெனத் தனிச் செயற்கூறு பொதுவாகக் கிடைத்தது. அது டைமரை நிறுத்துவதோடு அமையாமல், இனி எவர் முடுக்கினும் எழாதபடி அதன் கதவை அடைத்துவிடுகின்றது. பிறகு பணி அதனை முடுக்க முயன்றாலும் ஒன்றும் நேராது. நிறுத்துதல் வேறு, இனி எழாமற் செய்தல் வேறு என்னும் இந்த வேறுபாடு இலக்கணக்காரனாகிய எனக்குப் பெரிதும் சுவையாய் இருந்தது.

இனி மிகவும் கடியதைச் சொல்கின்றேன். மேற்கூறிய அனைத்திலும், விடுப்போனும் பெற்றோனும் இயக்கி ஒருவனே. ஆனால் கருவியைப் பயன்படுத்தும் வெளியாள் ஒருவன் இருக்கின்றானே! யு.எசு.பி. படப்பிடிப்புக் கருவி ஒன்றைப் பொறியில் செருகி, காட்சி உரையாடல் நடத்திக்கொண்டிருக்கின்றீர்கள். உங்கள் பேரன் ஓடி வந்து கம்பியைப் பிடுங்கிவிடுகின்றான். கருவி நீங்கிற்று, நீக்குகூறு ஓடிற்று, உட்கரு பட்டியலைத் தலைகீழாகப் படித்து நினைவகத்தையும் விடுத்துவிட்டது. எல்லாம் முறைப்படியே. ஆனால் உரையாடல் நிரல் அக்கருவியின் கோப்பை இன்னும் திறந்தே வைத்திருக்கின்றது. அது பிறகு கோப்பை மூடும்போது, உட்கரு இயக்கியை அழைக்கும். இயக்கி தன் பழைய நினைவகத்தைத் தொடும். அந்த இடமோ அதற்குள் வேறு யாருக்கேனும் கொடுக்கப்பட்டிருக்கும். பொறி சாய்ந்தால் அது நற்பேறு. சாயாமல், தீய எண்ணமுடையவன் ஒருவன் அவ்விடத்தில் தனக்கு வேண்டியதை முன்னரே எழுதிவைத்திருந்தால், உட்கருவின் முழு உரிமையும் அவன் கைக்குப் போகக்கூடும். விடுத்தபின் தொடுதல் என்னும் இவ்வகைப் பிழை, பொறிகளைக் கைப்பற்றுவோர் தேடித் திரியும் வாயில்களுள் ஒன்று.

திருமண வீட்டில் விருந்தினர் இலையில் அமர்ந்து உண்டுகொண்டிருக்கும்போது, "எங்கள் வேளை முடிந்தது" என்று பந்தற்காரன் காலைப் பிடுங்கலாமா? அவன் கணக்கில் வரிசை செவ்வையே. இறுதியில் கட்டிய கீற்றை முதலில் அவிழ்த்தான். முதலில் நட்ட காலை இறுதியிற் பிடுங்கினான். பந்தலின் கீழே யார் இருக்கின்றார் என்று மட்டும் பார்க்கவில்லை.

2022-இல் அயர்லாந்தின் தபுளின் நகரில் கூடிய இலினக்சு பிளம்பர்சு மாநாட்டில் இலோரன் பிஞ்சார்ட்டு இதனையே பேசினார். படப்பிடிப்புக் கருவிகளின் இயக்கிகளில் நெடுங்காலம் உழைத்தவர் அவர். பட்டியல் முறையில் நினைவகம் பெறும் செயற்கூறு ஏன் கேடுடையது என்பதே அவருரையின் தலைப்பு. டெவ்ரெசு முழுவதும் வேண்டா என்பது அவர் கருத்தன்று. முகவரி, துடிப்பு, குறுக்கீட்டுக் கம்பி ஆகியவை கருவியோடு பிறந்து கருவியோடு முடிபவை. அவற்றிற்குக் கருவியின் பட்டியல் தகும். பயனாளனின் கோப்பு தொடக்கூடிய நினைவகமோ கருவி நீங்கிய பின்னும் வாழ வேண்டியது. அதனைக் கருவியின் வாழ்நாளோடு முடிச்சிட்டதே குற்றம். எனக்கு அவர் வழக்கு வலியதாகவே படுகின்றது. எளிமை என்னும் பெயரால் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதப் பழகிய கை, எதன் வாழ்நாள் எவ்வளவு என்று கேட்கும் பழக்கத்தை இழந்துவிட்டது.

அத்தகைய நினைவகத்திற்கு உரிய முறை புதிதன்று. எத்தனை பேர் பற்றியிருக்கின்றனர் என்று எண்ணி வைப்பது. கோப்பைத் திறப்பவன் எண்ணை ஒன்று கூட்டுவான். மூடுபவன் ஒன்று குறைப்பான். எண் சுழியாகும்போதுதான் நினைவகம் விடுக்கப்படும், கருவி எப்போது போனால் என்ன. திரைக் காட்சியை ஆளும் 'டி.ஆர்.எம்.' பகுதியினர் 2020-இல் இரண்டையும் இணைத்து ஒரு வழி கண்டனர். அவர்களிடத்தும் பட்டியல் உண்டு, தலைகீழ் விடுப்பும் உண்டு. ஆனால் பட்டியல் கட்டப்பெற்றது கம்பியில் தொங்கும் கருவியோடு அன்று, பயனாளர் கடைசியாகக் கைவிடும்வரை வாழும் உட்பொருளோடு. அத்துடன், பதிவகத்தைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் "கருவி இன்னும் இருக்கின்றதா?" என்று கேட்டு நுழையும் வாயிலும் வைத்தனர்.

உரைக்கு முன்னர் ஓர் இளைஞர், இதனைக் கற்க எங்கே தொடங்குவது என்று என்னிடம் கேட்டார். சிறிய இயக்கி ஒன்றின் மூலத்தை அச்சிட்டுக்கொள்ளுங்கள். பற்றுகூற்றை ஒருபுறமும் நீக்குகூற்றை மறுபுறமும் ஒட்டி வையுங்கள். பெற்றவற்றிற்கு எண் இடுங்கள். 'டெவ்எம்' அடை உள்ளவற்றிற்குச் சிவப்பு மை, இல்லாதவற்றிற்கு நீல மை. நீலத்திற்குப் பின்னே சிவப்பு வந்த இடத்தில் நின்று, அந்தச் சிவப்பு உயிரோடிருக்கையில் நீலத்தைத் தொடுமா என்று பாருங்கள். பிறகு கோப்பைத் திறந்து மூடும் செயற்கூறுகளுக்குச் செல்லுங்கள். மூடும் செயற்கூறு எந்த நினைவகத்தைத் தொடுகின்றது, அதனை யார் எப்போது விடுக்கின்றார் என்று விரலால் தொடர்ந்து செல்லுங்கள். என் மாணாக்கர் இருவரும் அவ்வாறு செய்தபோது, ஒரு மாலையில் ஓர் இயக்கியே முடிந்தது.